பழைய கேம்பர் வேனில் எரிபொருள் சிக்கனம்: எதில் முதலில் கைவைப்பது?

படுக்கவும் சமைக்கவும் வசதி செய்யப்பட்ட, இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய கேம்பர் வேன் ஒன்றை வைத்திருப்பவர் அதன் எரிபொருள் செலவைக் குறைக்க நினைத்தால், அவர் முன் வந்து நிற்கும் யோசனைகளுக்குப் பஞ்சமே இருக்காது. என்ஜினுக்குள் டீசலைத் தூவும் நாசிலைச் சர்வீஸ் செய், டயரை மாற்று, கூரைமேல் உள்ளதை இறக்கு, எடையைக் குறை, ஐந்து கியர் உள்ள கியர்பாக்ஸைப் போடு, என்ஜினையே மாற்று, எரிவாயுவுக்கு மாறு, மெதுவாகப் போ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் தேர்வு கடினமாகிறது. ஒரு வேலையால் எவ்வளவு மிச்சமாகும், அதற்கு எவ்வளவு செலவாகும், அந்தச் செலவு எத்தனை கிலோமீட்டரில் திரும்ப வரும் என்ற மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்தால் மட்டுமே இவற்றை ஒப்பிட முடியும். அந்த அளவுகோல் லிட்டராக இருப்பது வசதி. வேலைக்கு ஆகும் தொகையை அன்றைய எரிபொருள் விலையால் வகுத்தால் அது எத்தனை லிட்டருக்குச் சமம் என்பது தெரிந்துவிடும்; பிறகு லிட்டரை லிட்டரோடு ஒப்பிடுவதில் குழப்பம் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே தீர்த்துவிட வேண்டும். நாம் மைலேஜை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசிப் பழகியவர்கள். அந்தக் கணக்கில் 8 கொடுத்த வண்டி 10 கொடுப்பதும், 10 கொடுத்த வண்டி 12 கொடுப்பதும் ஒரே அளவு முன்னேற்றமாகத் தோன்றும். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டால், முதல் வண்டி 12.5 லிட்டரிலிருந்து 10 லிட்டருக்கு இறங்கி 2.5 லிட்டரை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது வண்டி 10 லிட்டரிலிருந்து சுமார் 8.3 லிட்டருக்கு இறங்கி 1.7 லிட்டரைத்தான் மிச்சப்படுத்துகிறது. ஆகவே மைலேஜ் மோசமாக உள்ள வண்டியில் செய்யும் சிறு திருத்தம்கூட நல்ல பலன் தரும் என்பதையும், ஏற்கெனவே சீராக ஓடும் வண்டியில் பெருஞ்செலவு செய்து இன்னும் ஒரு கிலோமீட்டர் கூட்டுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எரிபொருள் எங்கே போகிறது என்று பார்ப்போம். 3 டன் எடையுள்ள, உயரமான கூரை கொண்ட ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். டயர்கள் உருளும்போது ஏற்படும் தடை எடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 300 நியூட்டன்; இது வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இத்தகைய வேனின் முகப்பு 4.5 சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும் என்றும், அதன் வடிவம் காற்றைக் கிழிப்பதில் சாதாரண வேன்களைப் போன்றதே என்றும் கொண்டால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை 230 நியூட்டன் அளவில் இருக்கும், 80 கி.மீ. வேகத்தில் 590 ஆகும், 100 கி.மீ. வேகத்தில் 930 ஆகும். 55 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் காற்றே முதல் எதிரியாகிவிடுகிறது. நெடுஞ்சாலையில் எரியும் எரிபொருளில் பெரும்பங்கு, ஒரு பெரிய பெட்டியைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கே செலவாகிறது. கேம்பர் வேன் அடிப்படையில் ஒரு பெட்டி என்பதால் இதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. பழைய டீசல் என்ஜின் அதில் 30 விழுக்காட்டைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது என்று கொள்ளலாம். அப்படியானால் மேற்சொன்ன வேன் 100 கி.மீ. வேகத்தில் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 11.3 லிட்டரும், 90 கி.மீ. வேகத்தில் 9.7 லிட்டரும், 80 கி.மீ. வேகத்தில் 8.2 லிட்டரும் குடிக்கும். 600 கிலோமீட்டர் பயணத்தில் வேகத்தை 100லிருந்து 90க்குக் குறைத்தால் 40 நிமிடம் கூடுதலாகும். ஏறக்குறைய 10 லிட்டர் மிச்சமாகும். 90லிருந்து 80க்குக் குறைத்தால் மேலும் 50 நிமிடம் கூடும். மேலும் 9 லிட்டர் அளவுக்கு மிச்சமாகும். அதாவது கூடுதலாக ஓட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 முதல் 15 லிட்டர் வரை கூலி கிடைக்கிறது. சுமை குறையும்போது என்ஜினின் திறனும் சற்றுக் குறையும் என்பதால் சாலையில் கிடைக்கும் மிச்சம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். அப்படியிருந்தும், எந்தப் பட்டறை வேலையும் ஒரு காசு செலவில்லாமல் இந்த அளவுக்கு மிச்சம் தந்துவிடாது. எதிர்க்காற்றையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்: 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசும் நாளில் 90இல் ஓட்டுவது, காற்றைப் பொறுத்தவரை 110இல் ஓட்டுவதற்குச் சமம். அத்தகைய நாளில் ஆக்சிலேட்டரை மிதித்து மல்லுக்கட்டுவதைவிட வேகத்தைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மெதுவாக ஓட்டுவதற்கும் எல்லை உண்டு. மற்ற வண்டிகள் விரையும் சாலையில் தனியாக 70இல் ஊர்வது ஆபத்து. லாரிகள் செல்லும் வேகத்தோடு ஒட்டிப் போவது நடைமுறைக்கு ஏற்றது. குறைந்த வேகத்தில் உயர்ந்த கியரைப் போட்டு என்ஜினைத் திணறவைப்பதும் சிக்கனம் ஆகாது. குறிப்பாக, காற்றால் குளிரும் என்ஜின் கொண்ட பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்களில் குளிரூட்டும் விசிறி என்ஜினோடு சேர்ந்தே சுழல்வதால், சுற்று குறைந்து சுமை கூடும்போது என்ஜின் சூடேறிவிடும். அவற்றில் மேட்டில் ஏறும்போது ஒரு கியர் இறக்கி ஓட்டுவதே நல்லது.

செலவில்லாத வழிக்கு அடுத்து நிற்பது, வண்டியில் உள்ள கோளாறுகளைக் களைவது. புதிதாக எதையும் சேர்க்காமல் வண்டி பழைய நிலைக்குத் திரும்பினாலே போதும் என்ற நிலையில்தான் பெரும்பாலான பழைய கேம்பர்கள் இருக்கின்றன. இவை ஆண்டில் பல மாதங்கள் அசையாமல் நிற்பவை. அப்படி நிற்கும் வண்டியில் முதலில் கெடுவது பிரேக். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிபரின் பிஸ்டன் துருப்பிடித்துப் பின்வாங்க மறுக்கும். பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பிக்கொண்டு, பிரேக் எண்ணெயை உள்ளே விட்டு வெளியே விடாமல் பிடித்துவைக்கும். கைபிரேக் கேபிள் உறைக்குள் இறுகிக்கிடக்கும். ஓட்டுபவருக்கு வண்டி சற்றுக் கனமாக இழுப்பது போலத் தோன்றுமே தவிர, வேறு அறிகுறி தெரியாமல் போகலாம். என் வண்டியில் ஒருமுறை மைலேஜ் சரிந்தபோது பட்டறையில் பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள், நாசில்களை மாற்றினார்கள், பில்லையும் நீட்டினார்கள். மைலேஜ் மட்டும் மாறவில்லை. பிறகு ஒரு மழை நாளில் வண்டியை ஓரங்கட்டி இறங்கியபோது, மூன்று சக்கரங்கள் நனைந்து சொட்டிக்கொண்டிருக்க, இடது பின்சக்கரத்திலிருந்து மட்டும் மெல்லிய ஆவி எழும்பியது. அந்த டிரம்மைப் பிரித்துக் கைபிரேக் லீவரைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டதோடு விஷயம் முடிந்தது.

மழைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 20 கிலோமீட்டர் ஓட்டி, கடைசிப் பகுதியில் பிரேக்கைக் கூடுமானவரை தொடாமல் வண்டியை உருளவிட்டு நிறுத்திய பின், ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் கையைக் கொண்டுபோனால் போதும்; தொட வேண்டாம், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் கையைச் சுட்டுவிடும். வலது, இடது சக்கரங்களுக்கிடையே வெப்ப வேறுபாடு தெரிந்தால் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். இதைவிட எளிய சோதனையும் உண்டு. டயர்த் தடை 300 நியூட்டன் என்றால் அது ஏறக்குறைய 30 கிலோ எடைக்குரிய விசை. ஆகவே சமதளமான, கெட்டியான தரையில் நியூட்ரலில் நிற்கும் 3 டன் வேனை இரண்டு பேர் தள்ளினால் நகர வேண்டும்; நகரத் தொடங்கியபின் ஒருவரே தள்ளிக்கொண்டு போக முடிய வேண்டும். முடியவில்லையெனில் ஏதோ ஒரு சக்கரம் பிடிக்கிறது, அல்லது டயரில் காற்று இல்லை.

பிரேக்குக்கு அடுத்தது, என்ஜினின் வெப்பநிலையைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட். விலை மலிவான இந்த உதிரிப்பாகம் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ஜின் தனக்குரிய வெப்பநிலையை எட்டாது. மேட்டில் ஏறும்போது உயரும் வெப்பமானி முள், இறக்கத்தில் சரசரவென்று கீழே விழுந்தால் இதைச் சந்தேகிக்கலாம். மின்னணு இன்ஜெக்ஷன் கொண்ட பெட்ரோல் வண்டியில் பாதிப்பு இன்னும் அதிகம். என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கணினி நம்பிக்கொண்டு கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வெப்பநிலை சென்சார் கெட்டாலும் இதே விளைவுதான். ஸ்பார்க் பிளக் கறுத்திருப்பதும், புகைக்குழாயின் வாயில் கரி படிவதும் இதைக் காட்டிக்கொடுக்கும். கார்பரேட்டர் வண்டியில், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் சோக் பிறகு முழுமையாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் வண்டியில், அழுத்தி மிதிக்கும்போது கரும்புகை தள்ளினால், ஊற்றப்படும் டீசல் அங்குள்ள காற்றுக்கு அதிகம் என்று பொருள்; ஏர் ஃபில்டர், நாசில், பம்பின் டைமிங் என்ற வரிசையில் பார்ப்பது சிக்கனமானது, ஏனெனில் இந்த வரிசையில்தான் செலவும் ஏறுகிறது. ஏர் ஃபில்டரைப் பற்றி நிலவும் நம்பிக்கை மட்டும் சற்று மிகைப்பட்டது. கார்பரேட்டர் வண்டியில் அடைத்த ஃபில்டர் மைலேஜைக் குறைக்கும். கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியில் அது பிக்கப்பைக் குறைக்குமே தவிர, மைலேஜை அதிகம் தொடுவதில்லை.

டயர் விஷயத்தில் இரண்டு வழிகள் உள்ளன: இருப்பதில் சரியான காற்றை நிரப்புவது, இல்லையேல் குறைந்த தடை கொண்ட புதிய டயர் வாங்குவது. முதலாவதை உடனே செய்ய வேண்டும். இரண்டாவதை டயர் மாற்றும் காலம் வரும்வரை ஒத்திப்போட வேண்டும். நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 விழுக்காடு எரிபொருள் வீணாகிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறை கார்களுக்குச் சொல்கிறது. 10 பி.எஸ்.ஐ. குறைவாக ஓடும் கேம்பர்கள் ஏராளம், ஏனென்றால் கதவோரத்தில் ஒட்டப்பட்ட அட்டையில் உள்ள அளவு சரக்கு வேனுக்கு உரியதாக இருக்கும். அதற்குள் கட்டில், அலமாரி, தண்ணீர், எரிவாயு எல்லாம் ஏறிய பிறகு அந்த அளவு பொருந்தாது. பயணத்துக்குப் புறப்படும் நிலையிலேயே எடை மேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடைபோட்டு, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணைப்படி காற்று நிரப்புவதே முறை. புதிய டயர் வாங்கும்போது, உருளும் தடையில் 20 விழுக்காடு குறைவாக உள்ளதைத் தேர்ந்தால், 90 கி.மீ. வேகத்தில் மொத்தத் தடையில் டயரின் பங்கு ஏறக்குறைய 28 விழுக்காடு என்பதால், 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மிச்சமாகலாம். ஐரோப்பாவில் 2021 மே முதல் டயர் முத்திரையில் இந்தத் தடை ஏ முதல் ஈ வரை ஐந்து படிகளாகக் காட்டப்படுகிறது. சாலையைப் பிடிக்கும் பட்டன் தேய்வதற்கு முன்பே வயதால் கெட்டுப்போகும் டயர்கள்தான் கேம்பர்களில் அதிகம். பக்கச்சுவரில் 2319 என்று இருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. எப்படியும் மாற்றத்தானே போகிறோம் என்ற நேரத்தில், இரண்டு டயர்களுக்கிடையே உள்ள விலை வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும்.

எடையைக் குறைப்பதா, கூரைமேல் உள்ளதை இறக்குவதா என்ற போட்டியில் பலரும் எடையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. சமமான சாலையில் 100 கிலோவைக் குறைத்தால் டயர்த் தடை சுமார் 10 நியூட்டன்தான் குறையும். 100 கிலோமீட்டருக்கு 0.1 லிட்டர்கூடத் தேறாது. 500 மீட்டர் உயரம் ஏறினாலும் அந்த 100 கிலோவுக்காக எரிவது 0.05 லிட்டர் அளவுதான். தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக்குவதும் தேவையில்லாத சாமான்களை இறக்குவதும் பிரேக்குக்கும் டயருக்கும் நல்லவை, அனுமதிக்கப்பட்ட எடைக்குள் நிற்கவும் உதவும். மைலேஜுக்காக மட்டும் தலையணையை எடைபோட வேண்டியதில்லை. கூரையில் இருக்கும் பெட்டியோ காலியாக இருந்தாலும் தின்னும். முகப்புப் பரப்பில் 0.3 சதுர மீட்டரைக் கூட்டும் ஒரு பெட்டி 90 கி.மீ. வேகத்தில் எரிபொருளை 5 விழுக்காடு வரை ஏற்றிவிடக்கூடும். அதே சாமானை வண்டிக்குள்ளோ, பின்பக்கம் காற்று மறைவிலோ வைத்தால் இந்தச் செலவின் பெரும்பகுதி போய்விடும். சைக்கிளையும் கூரையிலிருந்து பின்கதவுக்கு மாற்றலாம். கூரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் சோலார் பலகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முன்கூரையில் பொருத்தும் காற்றுத் திசைதிருப்பிகளைப் பொறுத்தவரை, அவற்றின் பலன் ஒவ்வொரு வண்டியின் வடிவத்தையும் பொறுத்தது. மற்றவை அனைத்தும் முடிந்த பிறகு, கழற்றி மாட்டி அளந்து பார்க்கும் பொறுமை உள்ளவர்கள் முயலலாம்.

அளப்பது என்ற பேச்சு வந்ததால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அளக்கத் தெரியாமல் எந்த ஒப்பீடும் செல்லாது. ஃபுல் டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் நிரப்பும் முறையில், பழைய வேனின் நீண்ட நிரப்புக் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு 2 லிட்டர் வரை கூடவோ குறையவோ செய்யலாம். 60 லிட்டர் டேங்கில் அது 3 விழுக்காட்டுப் பிழை. நாம் தேடும் மிச்சமே அவ்வளவுதான். நான்கு டேங்குகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் பிழை முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் மட்டும் தங்கி, ஒரு விழுக்காடு அளவுக்குச் சுருங்கிவிடும். ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரையும் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய டயர் மாட்டியவர்களின் ஓடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மைலேஜ் குறைந்துவிட்டதாக அவர்கள் வருந்துவதில் பாதி வெறும் கணக்குப் பிழை.

எரிபொருளில் கலக்கும் மருந்துகள், குழாயில் மாட்டும் காந்தங்கள் ஆகியவற்றுக்கு நீண்ட ஆய்வு வேண்டியதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்திருக்கிறது. குறிப்பிடத்தக்க பலன் தந்தவை என்று சொல்ல ஏதும் தேறவில்லை.

இனி பெருஞ்செலவு பிடிக்கும் வழிகள். நான்கு கியர் மட்டுமே உள்ள வேன்களில் நெடுஞ்சாலை வேகத்தில் என்ஜின் ஓயாமல் உச்சச் சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். ஐந்தாவது கியரோ, சக்கர அச்சைச் சுழற்றும் பற்சக்கரங்களான கிரவுன் பினியனின் விகிதத்தை மாற்றுவதோ சுற்றைக் குறைத்து உராய்வு இழப்பைக் குறைக்கும், காதுக்கும் ஆறுதல் தரும். என்ஜினுக்கு அந்தக் கியரை இழுக்கும் வலு இருந்தால்தான் இது பலிக்கும். 50 குதிரைத்திறன் உள்ள பழைய டீசலில், சிறு மேடும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் மீண்டும் நான்காவது கியருக்கே இறங்க வேண்டியிருக்கும். கணினி நிரலை மாற்றும் ரீமேப், பெரும்பாலும் மின்னணுக் கட்டுப்பாடுள்ள டர்போ டீசலுக்குத்தான் பொருந்தும். சென்சாருக்கும் கணினிக்கும் இடையில் செருகும் பெட்டிகள் சமிக்ஞையையே மாற்றுவதால் டாஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்ப முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். எரிவாயுவுக்கு மாறுவதை மைலேஜ் முன்னேற்றம் என்று சொல்வதே தவறு. ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் லிட்டர் கணக்கு கூடவே செய்யும். விலை வித்தியாசம் அதை ஈடுகட்டி மேலும் மிஞ்ச வேண்டும், டேங்குக்கு இடமும் விட வேண்டும்.

என்ஜின் மாற்றத்தை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்ப்போம். வேன் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கிறது. புதிய என்ஜின் அதில் 20 விழுக்காட்டைக் குறைக்கும். வேலைக்கு ஆகும் செலவு 2500 லிட்டருக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 2.4 லிட்டர் மிச்சம் என்றால் செலவு திரும்பச் சுமார் 1,04,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆண்டுக்கு 6000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது 17 ஆண்டுகள். அதற்குள் வண்டியின் தகடு துருவாகி உதிர்ந்திருக்கும். வண்டியிலேயே வாழ்ந்து ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதல். அவர் இதைப் பரிசீலிக்கலாம். முதலாமவர் பிரேக், தெர்மோஸ்டாட், டயர்க் காற்று, கூரைப் பெட்டி ஆகியவற்றைச் சரிசெய்து, 85இல் ஓட்டப் பழகிக்கொண்டால் இதற்கு நிகரான மிச்சத்தை அடுத்த பயணத்திலேயே பார்த்துவிடலாம்.

இந்தக் கணக்கை மாற்றக்கூடிய சூழல் ஒன்றே ஒன்று: பழைய என்ஜின் எப்படியும் முடிவுக்கு வந்துவிட்டது என்பது. கம்ப்ரஷன் பார்த்து, நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் குறைந்துவிட்டது என்று உறுதியான பிறகு, என்ஜினைப் பிரித்து லைனர், பிஸ்டன் மாற்றிக் கட்டுவதற்கும் ஒரு செலவு உண்டு. அது 1500 லிட்டருக்குச் சமம் என்றால், வேறு என்ஜின் போடுவதற்கான கூடுதல் செலவு 1000 லிட்டர்தான். அது 42,000 கிலோமீட்டருக்குள் திரும்பிவிடும். அப்போதும், பிரித்துக் கட்டிய என்ஜின் எவ்வளவு குடிக்கும் என்பதோடுதான் புதியதை ஒப்பிட வேண்டும். தேய்ந்துபோன என்ஜின் குடித்த அளவோடு ஒப்பிட்டால் புதியது எப்போதும் வென்றுவிடும். புதிய என்ஜினை விற்பவர் காட்டும் கணக்கும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.